உள்பக்கம் திரும்பிய கைக்கடிகாரம்

வகுப்புக்குள் காலெடுத்து வைத்ததும் கிறிஸ்டினா டீச்சர் கைக்கடிகாரத்தைத் திருப்பி, முகப்பை மணிக்கட்டின் உள்பக்கம் தள்ளிவிடுவார். ஏழாம் வகுப்புக்கு அது சட்டம். கடிகாரம் மறுபடி வெளியே வரும்வரை டீச்சரும் சரி, பிள்ளைகளும் சரி, ஆங்கிலம் தவிர ஒரு சொல் பேசக் கூடாது. தாகம் எடுத்தாலும் ஆங்கிலத்தில்தான் எடுக்க வேண்டும்.

வெளியே அவர் வேறு ஆள். கவரைப்பேட்டை ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோக்காரரிடம், "இன்னாண்ணா, இன்னும் நாலு பேர ஏத்திக்கினா நாங்க டாப்புல குந்திக்கினு வர்றதா?" என்று மல்லுக்கு நிற்பார். அப்பாவும் அம்மாவும் வயல்கூலியாக இருந்து ஆலைக்குப் போனவர்கள். அவர் படித்ததும் இதே பள்ளியில்தான். "எங்களுக்கு இங்கிலீஷ் பாடமே தமிழ்லதான் ஓடுச்சி. காட்டுப்பள்ளி துறைமுகத்துல ஒரு கம்பெனி இன்டர்வியூக்குப் போனேன். 'சிட்'டு மட்டும்தான் புரிஞ்சிது, குந்தினேன்" என்பார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை.

அவர் பாடம் நடத்தும் விதம்தான் பள்ளிக்கே கேலி. எழுந்திரு, பையை விட்டுவிடு, சுவரை ஒட்டி நில், மெல்ல நட என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை மாடியிலிருந்து இறக்கி, மைதானத்தின் கோடியிலுள்ள வேப்பமரம்வரை நடத்திவிட்டுத் திரும்பக் கூட்டிவருவார். செய்தால்தான் சொல் உடம்பில் ஒட்டும் என்பது அவர் கட்சி. "இது இங்கிலீஷ் பீரியடா, பி.டி. பீரியடா டீச்சர்?" என்று தலைமையாசிரியர் ஆதிகேசவன் கேட்காத வாரமில்லை.

போன வியாழக்கிழமை, பாடம் பாதியில் இருக்கும்போது ஆலைகள் பக்கமிருந்து சங்கு ஊதியது. ஷிப்டு சங்கு இல்லை. வாயு கசிந்தால் விட்டுவிட்டு அலறுகிற சங்கு. கூடவே மூக்கை அறுக்கும் நெடி. சென்ற ஆண்டு இதே சங்கை ஒத்திகைக்கு ஊதியபோது, எவனோ "கேஸு, ஓடுங்கடா" என்று கத்த, குறுகலான படியில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பூமிகாவின் கை முறிந்தது. அந்தப் பூமிகா இப்போது முதல் பெஞ்சில், அதே கையை இறுகப் பற்றிக்கொண்டு டீச்சரைப் பார்த்தாள். வகுப்பு மொத்தமும் அவர் முகத்தைத்தான் பார்த்தது.

ஓடச் சொல்லும் தமிழ் கிறிஸ்டினாவின் தொண்டைவரை வந்துவிட்டது. இப்போது அது வெளியே வந்தால் படிக்கட்டு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அதை விழுங்கிவிட்டு, தினமும் சொல்லும் அதே குரலில் சொன்னார்.

"ஸ்டாண்ட் அப். லீவ் யுவர் பேக்ஸ்."

எழுந்தார்கள். மூக்கைப் பொத்தச் சொன்னார், பொத்தினார்கள். மெல்ல நடக்கச் சொன்னார். சங்கு அலற அலற, ஏழாம் வகுப்பு சுவரை ஒட்டி வரிசையாகப் படியிறங்கியது. அன்று வேப்பமரத்தோடு நிற்கவில்லை. காற்றுக்குக் குறுக்கே ஏரிக்கரைவரை நடத்திக்கொண்டு போனார். அங்கே நெடி இல்லை.

தலைகளை எண்ணினார். நம்பிக்கையில்லாமல் இன்னொரு தரம் எண்ணினார். எல்லோரும் இருந்தார்கள். சற்றைக்கெல்லாம் சங்கும் ஓய்ந்தது. பிள்ளைகளின் கண்களில் நீர் முட்டி நின்றது. கேட்க ஆயிரம் இருந்தது. ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் டீச்சரின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கடிகாரத்தைத் திருப்பப் போனார். விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கடிகாரம் கட்டிய கையைப் பூமிகாவிடம் நீட்டினார்.