கடையில வாங்குனது

போர்க்காலத்தில் மதுரைக் கடைகளில் ரொட்டி எப்போதாவதுதான் வரும்; அன்று எங்கும் கிடைக்கவில்லை. நான் வேலைபார்த்த பள்ளியின் தலைமையாசிரியரைத் தேநீருக்கு அழைத்துவிட்டு நான் தவித்தேன்.

"காய்ச்சக்காரவுக திங்கிற ரொட்டிக்கா இம்புட்டுக் கவலை?" என்று சிரித்தாள், உசிலம்பட்டியில் பிறந்த என் மனைவி. கேப்பை மாவில் வெங்காயமும் மோரும் சேர்த்துப் பிசைந்து, இரும்புச்சட்டியில் வைத்து, மூடியின் மேலும் தணல் பரப்பி, அரைமணியில் சுட்டெடுத்தாள்.

"அருமையா இருக்கே! யாரு செஞ்சது?" என்றார் தலைமையாசிரியர்.

கேப்பை தின்னும் வீடென்று மதிப்புக் குறையுமோ என அஞ்சி, "கடையில வாங்குனது சார்" என்றேன். கதவுக்குப் பின்னால் வளையல் ஓசை நின்றது.

மறுவாரம் அந்த ரொட்டியைச் சுட்டுத் தரும்படி நானே ஆசையாகக் கேட்டேன்.

"கடையில வாங்கிக்கங்க" என்றாள்.

அதன்பின் அவள் அதைச் சுடவேயில்லை. இப்போது அவளும் இல்லை. 'என் மனைவி சுட்டது' என்ற பதிலை இன்னும் வைத்திருக்கிறேன், கேட்பவர்தாம் யாருமில்லை.