பூஜ்யத்தில் நின்ற கணினி

"பீப்" என்று நீளமாக ஒரு சத்தம். நாமக்கல் பக்கம் நான் வேலை பார்த்த கோழித் தீவன ஆலையை நினைத்தால் முதலில் காதில் விழுவது அதுதான். சத்தம் வந்ததும் கம்ப்யூட்டர் அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே பரிசோதனைக் கூடத்துக்குக் குரல் கொடுப்பார்: "ஏனுங்க, கிளிஞ்சல் ரிசல்ட்டு இன்னுமா வரல? மிசினு நின்னு போச்சுங்க!" ஆலையில் எல்லோருக்கும் அவர் கம்ப்யூட்டர் அக்காதான். எந்தத் தீவனத்தில் மக்காச்சோளம் எவ்வளவு, கிளிஞ்சல் தூள் எவ்வளவு என்று கணினியில் போட்டுக் கலவைச் சீட்டு எடுத்துத் தருவது அவர் வேலை. கிளிஞ்சலில் சுண்ணாம்புச் சத்து எத்தனை சதவீதம் என்ற முடிவு வரத் தாமதமானால், அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போட்டுவிட்டு மற்றதை அடித்துக்கொண்டே போவார். மறந்தே போனாலும் பயமில்லை. பூஜ்யத்தால் வகுக்க வேண்டிய இடம் வந்ததும் இயந்திரம் கத்திக்கொண்டு நின்றுவிடும்; சரியான எண்ணைப் போட்டால்தான் மேலே போகும்.

அது மிகப் பழைய புரோகிராம். அது எழுதப்பட்ட காலத்தில் தசமக் கணக்குக்கென்று, கணினியின் மூளையான செயலிக்குப் பக்கத்தில் தனிச் சில்லு ஒன்று இருக்கும். நடக்காத கணக்கைக் கொடுத்தால் அது ஒரு கம்பி வழியாகச் செயலியைக் கூப்பிட்டுச் சொல்லும். அந்தக் கணினி ஒரு நாள் படுத்துவிட்டது. புதியதில் புரோகிராமை ஏற்றும் வேலை எனக்கு வந்தது. இன்றைய செயலிகளில் அந்தச் சில்லு உள்ளேயே அடங்கிவிட்டது. பழைய புரோகிராம்களுக்காக அந்தப் பழைய கூப்பாட்டையும் விடாமல் வைத்திருக்கிறார்கள். ஆனால் செயலி மட்டும் கூப்பிட்டால் போதுமா? மற்ற பாகங்களும் காது கொடுக்க வேண்டுமே. எங்கள் புதுக் கணினியில் கூப்பாடு போய்ச் சேரவில்லை. பூஜ்யம் வந்த இடத்தில் சத்தமே இல்லாமல் திரை உறைந்து போனது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள், கணக்குப் பிழை எதற்கும் நிற்காதே என்று செயலிக்கு உத்தரவிடும் ஒரே ஒரு வரியைச் சேர்த்தேன். புரோகிராம் வழுக்கிக்கொண்டு ஓடியது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

"இனிமே நிக்கவே நிக்காதுங்க அக்கா" என்றேன். அவர் முகம் மலரவில்லை. "நிக்காட்டி தப்புன்னு எப்படிச் சாமி தெரியும்?" என்று கேட்டார். நான் சிரித்தேன். படித்த திமிர், வேறென்ன! சிரித்த நேரத்தில் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

நிற்காதே என்று சொல்லிவிட்டால், பூஜ்யத்தால் வகுத்த விடையை முடிவிலி என்று வைத்துக்கொண்டு செயலி பாட்டுக்கு மேலே போய்விடும். எங்கள் புரோகிராமில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் உச்ச அளவு உண்டு. விடை அதைத் தாண்டினால் உச்ச அளவையே எடுத்துக்கொள்ளும். கிளிஞ்சலுக்கான உச்ச அளவு, முட்டை ஓட்டுக்காகச் சுண்ணாம்பு நிறைய வேண்டிய முட்டைக் கோழிக்கு வைத்தது. ஒரு நாள் அக்கா அடித்தது குஞ்சுத் தீவனம்; கிளிஞ்சல் முடிவு அன்றும் வரவில்லை. பல வருடப் பழக்கம், கை தானாகப் பூஜ்யம் போட்டது. சத்தம் வரவில்லை. சீட்டு வந்தது, பார்த்தால் சாதாரண எண்ணாகத்தான் இருந்தது, கொடுத்துவிட்டார். அத்தனை சுண்ணாம்பைக் குஞ்சுகளின் உடம்பு தாங்கவில்லை. ஒரு பண்ணையில் கொட்டகை கொட்டகையாகச் செத்துப் போயின.

முதலாளி கணினித் திரையில் அந்தப் பூஜ்யத்தைக் காட்டி, "இத யாரு போட்டது?" என்றார். "நாந்தானுங்க" என்றார் அக்கா. நான் பக்கத்தில்தான் நின்றேன். என் ஒரு வரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். அவருக்குப் போய்விட்டது. மறுநாள், யாருக்கும் சொல்லாமல், பூஜ்யத்தைக் கண்டால் நிற்கும்படி புரோகிராமை மாற்றினேன். நான்கே வரிதான். பாவி, அதை முதலிலேயே செய்திருக்கக் கூடாதா!

போன மாதம் திருச்செங்கோடு பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். தலை நன்றாக நரைத்துவிட்டது. துணிக்கடையில் வேலையாம், கம்ப்யூட்டர் பக்கமே போவதில்லையாம். இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவரே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ அத்தன பாடுபட்டுப் புதுசாப் பண்ணிக் குடுத்த. நான் பூஜ்யத்தப் போட்டு உன்ற பேரக் கெடுத்துப்போட்டேன். மனசுல வெச்சுக்காத சாமி."

"அதெல்லாம் பரவாயில்லைங்க அக்கா" என்றேன்.

ஈரோடு பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கையாட்டினார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. நான் மன்னித்துவிட்டேனாம்!