எறும்புத் திரை

மட்டாஞ்சேரி பஜார் சாலையில் ஒரு மிளகுக் கிட்டங்கியில் கேமரா பார்ப்பது என் வேலை. வாசல், படகுத்துறை, மூட்டை அடுக்கிய உள்பக்கம் எல்லாம் ஒரே திரையில் தெரியும். உள்ளே வெளிச்சம் போதாது என்பதால் அந்தப் படம் முழுக்கப் புள்ளிகள் நெளிந்துகொண்டே இருக்கும். தோப்பும்படி ஹோட்டல் ஒன்றில் பரோட்டா போடும் என் கணவர் ஒருநாள் வந்து எட்டிப் பார்த்தார். "எறும்பு எண்றதுக்கெல்லாமா ஆள் வைக்கிறாங்க?" என்று கேட்டார். அன்றிலிருந்து வீட்டில் நான் எறும்புக்காரி.

சேர்ந்த புதிதில் எனக்கும் எறும்புதான் தெரிந்தது, மாலையானால் தலைவலி. பிறகு கண் தானாகப் பழகிக்கொண்டது. காலையில் உட்கார்ந்ததும் எதையும் தேட மாட்டேன், சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரத்தில் புள்ளிகள் அடங்கி, மூட்டை, தராசு, மூட்டைமேல் தூங்கும் பூனை எல்லாம் துலங்கி வரும். புள்ளி ஓரிடத்தில் நிற்காது, உண்மையில் இருப்பது நிற்கும். சாயா குடிக்கத் திரும்பினால் வெள்ளைச் சுவரிலும் சற்று நேரம் புள்ளிகள் மினுங்கும். கண் இன்னும் வேலையை விடவில்லை என்று சிரித்துக்கொள்வேன். எனக்குப் பிடித்த வேலைதான்.

போன மழைக்காலத்தில் நான் மறுபடி உண்டாகியிருந்தேன், ஸ்கேனுக்குப் போனோம். முந்தைய முறை அதே அறையில் டாக்டர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, துடிப்பு இல்லை என்று சொல்லியிருந்தார். அதனால் இம்முறை ஊரில் யாரிடமும் மூச்சு விடவில்லை. வயிற்றில் ஜெல் தடவினார்கள்.

"அனங்கல்லே," என்றார் டாக்டர். அசையாமல் கிடந்தேன். அதன்பின் அவர் பேசவில்லை. நாங்கள் பார்ப்பதற்கென்று எதிர்ச் சுவரில் இருந்த திரையிலும் எறும்புகள்தான். என் தலைமாட்டில் நின்ற கணவர் வழக்கமான கேலி எதுவும் செய்யவில்லை.

அரண்டுபோய் மூலைமூலையாகத் தேடினேன். ஒன்றும் பிடிபடவில்லை. தினமும் செய்வதை இங்கே மறந்துவிட்டேனே என்று அப்போதுதான் உறைத்தது. தேடுவதை விட்டேன். சும்மா பார்த்தேன். மெல்ல மெல்லப் புள்ளிகள் அடங்கின. நடுவில் ஒரு கருப்பு வட்டம், அதன் ஓரத்தில் மொச்சைக்கொட்டை அளவில் ஏதோ, அதற்குள் ஒரு மினுக்கம். மறுபடி அதே இடத்தில். மறுபடியும் அதே இடத்தில்.

"துடிக்குது டாக்டர்," என்றேன்.

அளவெடுத்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். "இத்ர வேகம் கண்டோ! ஹார்ட் பீட் உண்டு கேட்டோ. பேடிக்கண்டா." பயப்படாதே என்று அவர் சிரித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எங்க, எங்க?" என்று கணவர் குனிந்தார்.

"தேடாதீங்க. சும்மா பாருங்க."

"ஆமா, தெரியுது. நல்லாத் தெரியுது," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் திரைப்பக்கம் திரும்பவே இல்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.