எடித் ஒட்டிய முதல் பக்கம்

பேசாலையில் எடித்தைத் தெரியாத பள்ளிக்கூடப் பிள்ளை இல்லை. பாதிப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை அவளுடைய தையல் மெஷினில் இருந்து வந்ததுதான். தை பிறக்கும் முன்பே தாய்மார் துணியோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள். அளவெடுப்பாள், கத்தரிக்கோலை எடுப்பாள், மறுபேச்சில்லாமல் வெட்டுவாள். வெட்டினது பிழைத்துப்போச்சென்று இதுவரை எந்தத் தாயும் சண்டைக்கு வந்ததில்லை. அப்பேர்ப்பட்டவள் ஒரு வெறும் தாளுக்கு முன்னால் மாதக்கணக்கில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள் என்றால் ஊர் நம்பாது. ஆனால் இருந்தாள்.

தொடக்கி வைத்தது கனடாவில் இருக்கிற தங்கை அன்ரோனெற். ஞாயிறு பூசை முடிந்து எடித் வீட்டுக்கு வந்ததும் போனில் முகம் காட்டிக் கதைப்பது அவள் வழக்கம். ஒரு ஞாயிறு முகத்துக்குப் பதிலாக ஒரு தடித்த புத்தகத்தைக் காட்டினாள். பக்கமெல்லாம் பஸ் ரிக்கற், தேயிலைப் பெட்டியின் மட்டை, லேஸ் துண்டு, காய்ந்த பூ, மஞ்சள் பிடித்த கடிதங்கள்.

“இதுக்கு ஜங்க் ஜேர்னல் எண்டு பேர், அக்கா. எறியிற சாமானை ஒட்டி ஒட்டிப் புத்தகமாக்கிறது. இஞ்ச இப்ப கனபேர் செய்யினம்.”

“அந்தப் பழைய கடிதமெல்லாம் ஆரின்ர?”

“ஆரின்ரயும் இல்லை. பழசு மாதிரி அச்சடிச்சுக் கடையில விக்கிறாங்கள்.”

“காசு குடுத்துப் பழசு வாங்கிற ஊரை இப்பதான் கேள்விப்படுறன்,” என்று எடித் சிரித்தாள்.

சிரித்தாளே தவிர, போனை வைத்ததும் அலுமாரிக்கு மேலிருந்த பிஸ்கற் ரின்னை இறக்கினாள். தலைமன்னார் ரயிலின் மட்டை ரிக்கற், மடுத் திருவிழாவுக்குப் போன பஸ்ஸின் துண்டு, சவர்க்கார உறை, தைத்து மிஞ்சிய சரிகை என்று எறிய மனமில்லாததெல்லாம் அதற்குள் கிடந்தது. அவள் புருஷன் எமிலியானுஸ் உயிரோடு இருந்தபோது இந்த ரின்னைக் கண்டாலே பகிடி பண்ணுவான். “ஒரு நாளைக்கு என்னையும் நாலாய் மடிச்சு இதுக்குள்ள வைக்கப்போறாய்” என்பான். கடலுக்குப் போய் வந்து, வலையில் மீன் கழற்றிக்கொண்டிருந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன் அவன்.

புத்தகம் கட்டுவது எடித்துக்கு ஒரு வேலையே இல்லை. காலண்டர் தாள்களை மடித்து, எமிலியானுஸ் விட்டுப்போன வலை நூலால் நடுவே தைத்து, அவனுடைய சாரத் துண்டால் மட்டைக்கு உறை போட்டாள். ஒட்டப் போனபோதுதான் கை நின்றது. ரின்னுக்குள் கிடக்கும்வரை ரிக்கற் ரிக்கற்றாகவே இருக்கும். ஒட்டிவிட்டால் முடிந்தது, இனி அதை எடுத்துக் கையில் வைத்துப் பார்க்க முடியாது. பிறத்தியாரின் துணியை வெட்டப் பயப்படாதவளுக்குத் தன்னுடைய சவர்க்கார உறையை ஒட்டப் பயம் வந்தது.

“பிழைச்சாப் பிழைக்கட்டும் அக்கா, குப்பைதானே” என்றாள் அன்ரோனெற். அந்தச் சொல் எடித்துக்குச் சுருக்கென்றது. குப்பையாம். பிடிவாதத்தில், எதை ஒட்ட அவளுக்கு ஆகப் பயமோ அதையே முதலில் எடுத்தாள்.

அது ஒரு குருத்தோலைச் சிலுவை. குருத்து ஞாயிறு அன்று கோவிலில் மந்திரித்துக் கொடுக்கும் ஓலையைச் சிலுவையாய் மடித்துத் திருஇருதயப் படத்துக்குப் பின்னால் வருசம் முழுக்கச் செருகி வைப்பார்கள். அடுத்த விபூதிப் புதனுக்கு முன்னால் அதைக் கோவிலுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஊர் ஓலை எல்லாவற்றையும் ஒன்றாய் எரித்து, அந்தச் சாம்பலைத்தான் அந்தப் புதனன்று சுவாமியார் எல்லோருடைய நெற்றியிலும் பூசுவார். இந்த ஓலை எமிலியானுஸ் கடைசியாக மடித்தது. ஓலை சேர்க்க வந்தவரிடம் முதல் வருசம் எலி கொண்டுபோய்விட்டது என்றாள். அடுத்த வருசம் வேறு யாரிடமோ கொடுத்துவிட்டேன் என்றாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள், இரண்டு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். ஒட்டிவிட்டால் அது புத்தகத்தின் பக்கம், இனி ஓலை இல்லை, யாரும் கேட்க முடியாது என்று தனக்குத்தானே ஒரு நியாயமும் கட்டிக்கொண்டாள்.

கோதுமை மாவைக் காய்ச்சிப் பசை எடுத்து ஒட்டினாள். பிறகுதான் பழசாய்த் தெரியத் தாளுக்குத் தேயிலைச் சாயம் பூச வேண்டும் என்ற நினைவு வந்தது. அன்ரோனெற் முதலில் பூசு, பிறகு ஒட்டு என்றுதான் சொல்லியிருந்தாள். எடித் மாறிச் செய்துவிட்டாள். ஓலையைச் சுற்றிப் பஞ்சால் சாயத்தை ஒற்றிச் சமாளித்தாள்.

அதன் பிறகு கை கட்டவிழ்ந்துவிட்டது. ரிக்கற், உறை, சரிகை, பெருநாள் நோட்டீஸ் என்று பக்கங்கள் வீங்கின. சட்டை தைக்க வந்த தாய்மாருக்கெல்லாம் புத்தகத்தைக் காட்டினாள். காட்டும்போது இரண்டாம் பக்கத்தில் இருந்துதான் விரிப்பாள்.

விபூதிப் புதன் கிட்டியபோது, வருசா வருசம் ஓலை சேர்க்கிற யாகப்பர் சாக்கோடு வந்தார். எமிலியானுஸோடு ஒரே வள்ளத்தில் போனவர், இப்போது கோவில் வேலை பார்க்கிறவர்.

“இந்த முறை ஓலை காணாது தங்கச்சி. சாம்பல் குறைஞ்சா சுவாமி என்னைத்தான் பேசுவார்.”

எடித் போன குருத்து ஞாயிறுக்குத் தான் மடித்த ஓலையைக் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி போட உள்ளே போனாள். திரும்பி வந்தபோது மேசையில் கிடந்த புத்தகத்தை யாகப்பர் முதலில் இருந்து விரித்திருந்தார்.

“நுனியை உள்ளுக்கு ரெண்டு தரம் மடக்கிறது அவன் மட்டும்தான்,” என்றார். “எலி எண்டெல்லோ சொன்னனீ?”

எடித் தேத்தண்ணியை அவருக்கு முன்னால் வைத்தாள்.

“அப்ப எங்கட எல்லாற்ர ஓலையும் எரிஞ்சு போச்சு. அவன்ர மட்டும் இஞ்ச ஒட்டிக்கொண்டு நிக்குது.” தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். “சரி, வச்சிரு. ஒரு ஓலையால சாம்பல் குறையப்போறேல்லை.”

அவர் போன பிறகு எடித்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வச்சிரு என்று சொல்ல இவர் யார்? குறையாதாம். எமிலியானுஸின் ஓலை இல்லாமல் இந்த ஊரில் சாம்பல் குறையாதாமா? கோவிலுக்குக் குருத்து வெட்டிக் கொடுத்ததே அவன்தான். ஒரு வருசம் கூட ஓலையைத் திருப்பிக் கொடுக்காமல் விட்டவனில்லை. அவனுடைய ஓலையைத்தான் அவள் மூன்றாவது வருசமாய்ப் பிடித்து வைத்திருக்கிறாள். நினைத்ததும் கோபம் யாகப்பரை விட்டுத் தன் மேலேயே திரும்பியது. அவனைப் போக விடப் பயந்துதான் இவ்வளவு பசையும். இருந்து அழுதாள்.

அழுது முடித்துவிட்டு ஈரத்துணியை எடுத்து ஓலையின் மேல் வைத்தாள். மாப்பசை மெல்ல இளகியது. தையல் பிரிக்கும் ஊசியால் நுனியில் இருந்து கிளப்பினாள். ஓலை முழுதாகவே வந்தது. வந்த இடத்தில் சாயம் படாத தாள், கபில நிறத்துக்கு நடுவில் ஒரு வெள்ளைச் சிலுவையாய் இருந்தது. அன்று பின்னேரமே கோவிலுக்கு நடந்து போய், யாகப்பரின் சாக்குக்குள் தன் கையாலேயே போட்டாள்.

விபூதிப் புதன் பூசை முடிந்து வந்தவள் முகம் கழுவவில்லை. மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, முதல் பக்கத்தை விரித்தாள். நெற்றியில் இருந்த சாம்பலை விரலால் தொட்டு, அந்த விரலை வெள்ளைச் சிலுவையின் நடுவில் வைத்து அழுத்தினாள்.

ஞாயிறு அன்று புத்தகத்தை முதல் பக்கத்தில் இருந்தே அன்ரோனெற்றுக்குக் காட்டினாள்.

“வடிவாயிருக்கு அக்கா. ஆனா நடுவில ஏதோ கரி பட்டிருக்கு, துடைச்சு விடுங்கோ.”

“துடைக்க மாட்டன்,” என்றாள் எடித். “அது உன்ர அத்தான். ஊரோட சேர்ந்து வந்திருக்கிறார்.”