மலையில் எடுத்த வருகைப் பதிவு

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் எங்கள் பள்ளி ஆசிரியர்களுக்குத் திடீரென்று உடம்பைப் பற்றிய கவலை வந்தது. டீயும் வடையுமாக இருபது வருடம் வளர்த்த தொந்தியை ஒரே சனிக்கிழமையில் சிறுமலையில் இறக்கி வைத்துவிடலாம் என்று விளையாட்டு ஆசிரியர் யோசனை சொன்னார். ஓய்வறையே கைதட்டியது. மலைக்கு நல்ல ரோடு இருக்கிறது, திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸும் போகிறது. அது கூடாதாம். குதிரைகள் வாழைத்தார் இறக்கும் கல்பாதையில் ஏறினால்தான் மலையேற்றமாம்.

எனக்கு அந்தக் கூட்டத்தில் ஒருவரையும் பிடிக்காது. நான் கணக்கு ஆசிரியன். ஆள் கூடக் கூட அறிவு குறையும் என்பது என் கணக்கு. ஆனாலும் போனேன். போகாவிட்டால் திங்கட்கிழமை முழுக்க அவர்களுடைய வீரப் பிரதாபத்தைக் கேட்க வேண்டியிருக்கும். கூட இருந்தால் பொய்யையாவது குறைக்கலாம்.

அடிவாரத்தில் பத்தொன்பது பேர் கூடினோம். புது கேன்வாஸ் ஷூ பாதிப் பேரை அங்கேயே கடிக்க ஆரம்பித்திருந்தது. விளையாட்டு ஆசிரியர் கழுத்தில் விசில், கையில் நிஜமான வருகைப் பதிவேடு. முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தரம் விசில் ஊதுவார், பேர் கூப்பிடுவார், டிக் அடிப்பார். ஒருவர் குறைந்தாலும் மொத்தப் பேரும் நிற்க வேண்டும் என்று விதி. ஐம்பது வயது ஆட்கள் பாறைமேல் விறைத்து நின்று "உள்ளேன் ஐயா" என்றார்கள். அதில் அவர்களுக்கு ஒரு குஷி வேறு.

எங்கள் ஆய்வக உதவியாளரையும் கூட்டி வந்திருந்தார்கள். அன்பினால் அல்ல, தூக்குவதற்கு. பத்தொன்பது பேருக்கான உருளைக்கிழங்கு வறுவலை ஒரு பெரிய தூக்குவாளியில் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். அவருக்குச் சர்க்கரை உண்டு. வேளைக்குச் சாப்பிடாவிட்டால் மயக்கம் வரும். ஆய்வகத்திலேயே இரண்டு தடவை விழுந்திருக்கிறார். இது அத்தனை பேருக்கும் தெரியும்.

மூன்றாவது விசில் ஊதியபோது உச்சி வெயில். ஆய்வக உதவியாளர் பேரைக் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. திரும்பிப் பார்த்தேன், ஆளைக் காணோம். எனக்கோ பசி. சாப்பிடும் இடமான ஓடை, கூப்பிடு தூரத்தில் சலசலத்தது. பின்னால்தான் வந்துகொண்டிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, குரலைக் கொஞ்சம் மாற்றி, "உள்ளேன் ஐயா" என்றேன். டிக் விழுந்தது. பக்கத்தில் நின்ற தமிழாசிரியர் என்னைப் பார்த்து இளித்தார். இதே காரியத்துக்காகப் பையன்களை நான் முட்டி போட வைத்திருக்கிறேன்.

ஓடைக்கரையில் இலை போட்டுப் புளிசாதம் வைத்த பிறகுதான் ஒருவருக்கு ஞாபகம் வந்தது.

"ஏய்யா, வெஞ்சனம் எங்க?"

ஆளைத் தேடவில்லை, தொட்டுக்கொள்ளும் கிழங்கைத் தேடினார்கள். விளையாட்டு ஆசிரியர் பதிவேட்டைத் திறந்து காட்டினார். "டிக் அடிச்சிருக்கேன் பாருங்க. இங்கனதான் எங்கயாச்சும் இருக்கணும்." படித்த மேதைகள் அத்தனை பேரும் ஓடையைச் சுற்றிப் புதர் புதராகத் தேடினார்கள். ஆள் இங்கே வந்து சேரவே இல்லை என்று நான் ஒருவன் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. தமிழாசிரியர் காதில் மட்டும், "கீழ போய்ப் பாத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு நழுவினேன்.

இறங்கும்போது ஒவ்வொரு புதரையும் எட்டிப் பார்த்தேன். அவர் செத்துக்கிடப்பது போலவே தோன்றிக்கொண்டிருந்தது.

மூன்றாவது விசில் ஊதிய இடத்துக்குச் சற்றுக் கீழே, பாதை திரும்பியதும் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மடியில் வாளி. விரலெல்லாம் மஞ்சளும் எண்ணெயும்.

"கைகாலெல்லாம் வெடவெடன்னு வந்துருச்சு சார். கெழங்கத் தின்னுதான் உசுரப் பிடிச்சேன். பாதிக்கு மேல காலி."

"நல்லதுண்ணே. ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்ல? இந்தா, மேலதான இருந்தோம்."

"குடுக்கத்தான் பாத்தேன். எம் பேரக் கூப்பிட்டது நல்லாக் கேட்டுச்சு. வாயத் தொறக்கேன், அதுக்குள்ள யாரோ உள்ளேன்னுட்டாக." முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "யாரோ என்ன யாரோ. பதினாறு வருசமா உங்க வகுப்புக்கு அடுத்த ரூம்லதான சார் இருக்கேன். எனக்குத் தெரியாதா அந்தக் குரலு?"

காலையிலிருந்து அத்தனை பேரையும் மட்டமாகப் பார்த்துக்கொண்டு வந்தவன் நான். அந்த இடத்தில் என்னைவிட மட்டமான ஆள் அந்த மலையிலேயே இல்லை.

அவர் எழுந்து வாளியை என்னிடம் நீட்டினார். "இனி இத நீங்க தூக்குங்க." வாங்கிக்கொண்டேன். அவர் மேலே ஏறவில்லை, அடிவாரத்தைப் பார்த்து இறங்கினார். நான் பின்னால் நடந்தேன்.

பத்தடி போயிருக்க மாட்டோம், மேலே விசில் சத்தம். வரிசையாகப் பேர் கூப்பிடுவது கேட்டது. என் பேரும் வந்தது. நின்றேன். தமிழாசிரியரின் குரல் கணீரென்று இறங்கி வந்தது: "உள்ளேன் ஐயா!"

முன்னால் போன ஆய்வக உதவியாளர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வாங்க சார், போவோம். உங்களையும் தேட மாட்டாக."