ரெஜினாவின் இரும்பு

படுக்கை விரிப்பின் ஓரத்தை மெத்தைக்கடியில் செருகும்போது ரெஜினா விரல்களைப் பயன்படுத்துவதில்லை. முழங்கையால் நெட்டித் தள்ளுகிறாள். மாமல்லபுரத்தருகே கடலோர விடுதி ஒன்றில் பதினோரு வருடமாக அறை சுத்தம் செய்பவள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு அறை. உடன் வேலை செய்பவர்கள் கேட்டால், "இப்டி தள்னாதான் டைட்டா நிக்கும்" என்பாள். அதை நம்பி இரண்டு பெண்கள் தாங்களும் முழங்கையால் செருகப் பழகிவிட்டார்கள்.

எதையும் கோணலாக விட்டு வைக்க அவளால் ஆகாது. சதுரங்கப்பட்டினம் தேவாலயத்தில் பீடத்துத் துணி ஒரு பக்கம் இறங்கியிருந்தால் பிரசங்கம் அவள் காதில் ஏறாது. பஸ்ஸில் முன்பின் தெரியாதவளின் சேலை மடிப்பைச் சரிசெய்யப் போய்த் திட்டு வாங்கியிருக்கிறாள். உலகத்தைப் பற்றி அவளுடைய பொதுவான கருத்து: "ஒரே பேஜாரு."

அதில் பெரிய பேஜாரு அவள் ரத்தம். மகள் ஹெலன் வயிற்றில் இருந்தபோது, "ரத்தம் கம்மி" என்று நர்ஸ் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாள். ஹெலன் இப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். மாத்திரை இன்னும் நின்றபாடில்லை. உடம்பு அசதியாக இருந்தால் மருந்துக் கடையில் தானே கேட்டு வாங்கிவிடுவாள். முருங்கைக்கீரை, ஆட்டுச் சுவரொட்டி, பேரீச்சம்பழம் எல்லாம் ஆயிற்று. நாத்தனார் மார்கரெட் சொன்னாளென்று பீட்ரூட் சாறும் குடித்தாள். "நாக்கு செவந்ததுதான் மிச்சம்" என்றாள்.

போன மாதம் விடுதியில் ஊழியர்களுக்கு ரத்தப் பரிசோதனை முகாம் வைத்தார்கள். ஹீமோகுளோபின் ஒன்பதுதான். அடுத்த வரியில் ஃபெரிட்டின் 612 என்று தடித்த எழுத்தில் இருந்தது. பக்கத்திலேயே மேல்நோக்கி ஓர் அம்பு.

ஹெலன் செல்போனில் தேடினாள். "இரும்ப சேத்து வெக்கிற புரோட்டீனாம்மா. ஒனக்கு ஜாஸ்தியா கீது."

"ரத்தம் கம்மி, இரும்பு ஜாஸ்தியா? இன்னாடி கத வுட்ற?"

மருந்துக் கடைக்காரர் மாத்திரையைத் தொடரச் சொன்னார். மார்கரெட் கீரையை நிறுத்தச் சொன்னாள். செல்போன் புற்றுநோய் வரைக்கும் போய்விட்டுத் திரும்பியது. "ஆளுக்கொண்ணு சொல்லிகினு கீறீங்க. என் ஒடம்ப வெச்சு ஏலமா வுடுறீங்க?" என்று கத்திவிட்டு, விடுப்புப் போட்டுச் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினாள். ஹெலனும் கூடப் போனாள்.

அங்கே டாக்டர் சுஜாதா நிதானமாகக் கேட்டார். சமீபத்தில் காய்ச்சல் வந்ததா? வேறு மருந்து உண்டா? மூட்டு வலி? கடைசிக் கேள்விக்கு ரெஜினா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"கை நல்லாத்தான் கீது. நீங்க ரத்தத்த பாருங்க."

"பொய் சொல்லாதம்மா," என்றாள் ஹெலன். "தெனம் விடிகாலைல சுடுதண்ணில கைய வெச்சுகினு அரமணி நேரம் ஒக்காந்துகினு கீற. நா தூங்குறேன்னு நெனச்சியா?"

ரெஜினாவுக்கு முகம் கறுத்தது. "கைன்னு சொன்னா வேலைய வுட்டு அனுப்சுடுவானுங்கடி. ஒன் படிப்ப யார் பாக்குறது?"

டாக்டர் அவள் விரல் முட்டியை லேசாக அழுத்தினார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஃபெரிட்டின் ஏறுச்சுன்னா இரும்பு அதிகம்னு மட்டும் அர்த்தமில்லம்மா. உடம்புல எங்கயாவது அழற்சி இருந்தாலும் ஏறும். ஈரல் கெட்டாலும் ஏறும். அழற்சி இருக்கும்போது உடம்பு இரும்பப் பூட்டி வெச்சுக்கும். உள்ள இருக்கும், ஆனா ரத்தம் ஊறுறதுக்கு வெளிய விடாது."

"அப்ப பத்தொம்போது வருசமா நா முழுங்கினதெல்லாம்?"

"அப்போ தேவைப்பட்டிருக்கும். இப்போ நிறுத்திடுங்க. என்னன்னு பார்த்துடுவோம்."

மறுவாரம் இருவரும் மறுபடி போனபோது பரிசோதனை முடிவுகள் வந்திருந்தன. ஈரலில் கோளாறு இல்லை. ரத்தத்தில் ஓடும் இரும்பு குறைவு. அழற்சி அதிகம். மூட்டுகளை அரிக்கும் முடக்குவாதம்.

"இப்பவே மருந்து ஆரம்பிச்சா விரல் கோணாம காப்பாத்திடலாம்," என்றார் டாக்டர். "வேலைய விட வேண்டாம். வீக்கம் அடங்குற வரைக்கும் அறைகளக் குறைச்சுக் கேளுங்க. கடிதம் தரேன்."

ரெஜினா கடிதத்தை வாங்கினாள், நன்றி சொல்லவில்லை. "மொதல்லயே எவனாச்சும் கைய பாத்திருக்கலாம்ல" என்று வாசல் வரைக்கும் முணுமுணுத்தாள். பார்க்கவிடாமல் மறைத்தது யார் என்று ஹெலன் கேட்கவில்லை.

பஸ் நிலையத்தில் நல்ல வெயில். ரெஜினா தண்ணீர் பாட்டில் ஒன்று வாங்கி மூடியைத் திருகினாள். அசையவில்லை. முந்தானையைச் சுற்றித் திருகினாள். பல்லால் கடிக்கப் போனவள், ஒரு கணம் அப்படியே நின்றாள்.

பிறகு கல்பாக்கம் பஸ் வருகிறதா என்று வேறு பக்கம் பார்த்தபடியே, பாட்டிலை மகளிடம் நீட்டினாள்.