பெருமாள் குடைக்காக அவிழ்த்த கேபிள்

நெதர்லாந்தில், ரோட்டர்டாமில் எங்கள் தெருவில் அண்ணாந்து பார்த்தால் வானம் மட்டும்தான். கம்பி, கேபிள் எல்லாம் மண்ணுக்கடியில். வந்து சில வருடங்களாகியும் இது எனக்குப் பழகவில்லை.

சின்ன காஞ்சிபுரத்தில் கருட சேவையன்று பெருமாளின் குடை சிக்காமலிருக்க, வீதிக்குக் குறுக்கே போகும் கேபிள்களை அவிழ்த்துவிடுவார்கள். நான் இங்கே நெட்வொர்க் வேலை பார்க்கும் துணி நிறுவனத்தின் டிசைன் ஆபீஸ் அந்த வீதியில்தான் இருக்கிறது. அங்கே ரூட்டரைப் பார்த்துக்கொள்பவன் என்னோடு படித்த தாமோதரன். அவனுடைய ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிவதாக இருந்தது. இந்த வைகாசியில், கேபிள் இறங்குவதற்கு முன்பே, எல்லாம் பழைய டெலிபோன் லைன் வழியாகப் போகும்படி ரூட்டரில் ஒரு ஸ்டாட்டிக் ரூட்டை, மாறாத வழியை, எழுதிவைத்தான். அன்று வேலை நிற்கவே இல்லை. பிறகு கேபிளைக் கட்டினான். எழுதிய வழியை அழிக்க மறந்துவிட்டான்.

கையால் எழுதிய வழி இருக்கும்வரை, தானாகக் கற்ற வழி எவ்வளவு வேகமானதானாலும் ரூட்டர் அதைத் தேர்ந்தெடுக்காது. புடவை டிசைன்கள் அந்த லைனில் நாள்கணக்கில் ஊர்ந்தன. இங்கிருந்தே ரூட்டரின் வழிப்பட்டியலைப் பார்த்தேன். கேபிள் நன்றாக இருந்தது. பழுது ஒரே வரி. நீக்கியதும் சரியாயிற்று.

இங்குள்ள டச்சுக்கார மேலாளர், யான் என்பவர், காரணம் கேட்டார். சொன்னேன். "கடவுளின் குடைக்காக நெட்வொர்க்கைக் கழற்றுவார்களா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அறிக்கையில் 'ஊழியரின் கவனக்குறைவு' என்று எழுதினேன். பொய் எதுவும் எழுதவில்லை. திருவிழாவன்று அவனால்தான் வேலை ஓடியது என்பதை மட்டும் எழுதவில்லை.

தாமோதரன் போன் செய்தான்.

"இன்னாபா, உங்காளு என்னிய வூட்டுக்கு அனுப்புறாராமே?"

"பேசிக்கினு இருக்கேன்டா."

"பேசு, பேசு. ரிப்போர்ட்ட எழுதிட்டு அப்பால பேசறியா? கொட கேபிள்ல மாட்டிக்கினு பெருமாள் நடுத்தெருவுல நின்னிருந்தா, அதுக்கும் என் பேரத்தான் எழுதியிருப்ப."

விட்டதைச் சேர்த்து, அறிக்கையை மாற்றி எழுதி யானிடம் கொடுத்தேன். படித்தார். "உன் ஊர்க்காரனுக்காகப் பேசுகிறாய், புரிகிறது" என்று திருப்பிக் கொடுத்தார். உங்களுக்குப் புரியவில்லை என்று அவரிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. ரூட்டரிலிருந்து தாமோதரனின் பெயரை நீக்கும் வேலை என்னிடமே வந்தது, அவனுடைய வேலையும்.

இனி வைகாசி தோறும் இங்கே உட்கார்ந்து நான்தான் வழியை மாற்ற வேண்டும். பெருமாள் எங்கள் வீதிக்கு வந்துவிட்டார் என்பது, அங்கே கேபிள் அவிழ்ந்து என் திரையில் 'லிங்க் டவுன்' என்று சிவப்பு விழும்போது தெரியும். அப்போது தாமோதரன் அங்கே கூட்டத்தில் நின்று சேவித்துக்கொண்டிருப்பான்.